வெட்டக் கூடாத சாம்பிள்

மெர்ச்சண்டைசர் வேலை என்பது வேறொன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர் கண்ணுக்கு நாம்தான் கம்பெனி, கம்பெனியின் கண்ணுக்கு நாம்தான் வெளிநாட்டுக்காரர், ஆக இரண்டு பக்கத்துத் திட்டும் ஒரே ஆளுக்கு வந்து சேரும். திருப்பூரில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்டர் பேசுவதில் தொடங்கி, பெட்டி கட்டி லாரி ஏற்றுவது வரை நடுவில் நின்று எல்லோரிடமும் கெஞ்சுகிறவன் மெர்ச்சண்டைசர். அப்படிக் கெஞ்சிய வருஷங்களில் எனக்கு நடந்தவை எத்தனையோ. ஒரே ஒரு கம்பளிச் சால்வையால் நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். அப்போது யார் கையிலிருந்த செல்போனிலும் கேமரா கிடையாது. நிறத்தைக் காட்ட வேண்டுமென்றால் பொருளையே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

மே மாதப் பார்சல்

எங்கள் கம்பெனி பல்லடம் ரோட்டில் இருந்தது. முதலாளி பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு பனியன் தொழிலுக்கு வந்தவர்; எங்கள் ஊரில் பின்னலாடை எல்லாமே பனியன்தான். அந்த வருஷம் ஆர்டர் மந்தம். ஒரு லைன் மெஷின்கள் முழுக்கத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. அந்தச் சமயத்தில்தான் ஹெல்கா என்ற ஐரோப்பியப் பெண்மணி எங்களிடம் முதல் தடவையாகப் பேச ஆரம்பித்திருந்தார். குழந்தைகள் உடைக் கடைகளுக்குச் சரக்கு வாங்குகிறவர். குளிர்காலப் பனியன்களில் பூவேலை வேண்டும், எந்த மாதிரிப் பூ என்பதற்குச் சாம்பிள் அனுப்புகிறேன், ஜூனில் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று மெயில் போட்டிருந்தார்.

கத்திரி வெயிலில் வந்து இறங்கியது பார்சல். பிரித்தால் உள்ளே பாலாடை நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை. தோளில் மட்டும் போட்டுக்கொள்ளும் குறுகலான ரகம், ஸ்டோல் என்பார்கள். இரண்டு முனைகளிலும் மெரூன், கடுகு மஞ்சள், பச்சை நூல்களில் கையால் போட்ட பூக்கள். காஷ்மீர் வேலை. கூடவே ஒரு சீட்டு. இது காலமான என் அம்மாவுடையது, அவர் இந்தியாவில் வாங்கியது, வரும்போது கையோடு எடுத்துப் போவேன், பத்திரம் என்று எழுதியிருந்தது. முதலாளி ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். தோளில் போடுவது எதுவானாலும் அவருக்குத் துண்டுதான்.

“துண்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இந்த வெயிலுக்கு இதப் போத்துனா ஆளு உசுரோட இருக்குமாங்க?”

அம்புக்குறி

செக்கிங் டேபிளுக்கு மேரிதான் தலைவி. சாத்தான்குளம் பக்கம். நானும் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுவார். கம்பெனிக்குள் எந்தத் துணி நுழைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தையல் கோணினாலும் நூல் தொங்கினாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவார். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, போகும். ஆல்டரிலும் சரியாகாவிட்டால் ரிஜெக்ட்.

சால்வையைச் சாம்பிள் ரூம் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மை போட்ட குழந்தை மாதிரி உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியோடு கிடக்கிறது. மேரி தன் கடமையைச் செய்திருந்தார். ஒரு இதழ் பெரிசு, ஒரு இதழ் சிறிசு, ஒரு தண்டு வளைந்து அடுத்த பூவின் மேலேயே ஏறிவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு அம்பு. ஒரு மூலையில் இருந்த பூவுக்கு மட்டும் இரண்டு அம்பு. அங்கே தையல் முரடாக இருக்கிறது, வேறு யாரோ போட்டது மாதிரி இருக்கிறது என்றார். நான் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, இது மெஷின் வேலை இல்லை, ஒரு மனிதர் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஊசியால் போட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். மேரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கை வேலைன்னா சரி சார். அதுக்காக கை நடுங்குனதுக்கெல்லாம் நான் ஓகே சீல் குத்த முடியாதுல்லா.”

எது அசல் பூ

கையால் போட்ட பூவை மெஷின் போட வேண்டுமென்றால், அதை முதலில் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பஞ்சிங் என்று பெயர். எங்களுக்குப் பஞ்சிங் செய்து தருகிறவர் சிவகுமார். தாராபுரத்துக்காரர், வேலையில் சுத்தம். சால்வையை ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தேன்.

அவர் ஒரு பூவை அளந்து வரைந்தார். சரிபார்க்க அடுத்த பூவை அளந்தார். வேறு அளவு. மூன்றாவதை அளந்தார். அதில் இதழே ஒன்று கூடுதல். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாப் பூவையும் கூட்டிச் சராசரி எடுத்து, நாலாபுறமும் ஒரே அளவாக, கோல அச்சில் எடுத்த மாதிரி ஒரு பூவை உண்டாக்கி, திரையில் எனக்குக் காட்டினார். அதன் துணிச் சாம்பிளை ஹெல்காவுக்கு அனுப்பினோம். அழகாக இருக்கிறது, ஆனால் இது அந்தப் பூ இல்லை என்று பதில் வந்தது. அதைச் சொன்னதும் சிவகுமார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சால்வையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் அதே பூவப் போட்டுத் தர்றனுங்க. இதுல எது அசல் பூவுன்னு மட்டும் அவங்களக் கேட்டுச் சொல்லுங்க.”

தொட்டுப் பார்த்தவர்கள்

விஷயம் பரவி, தையல் லைனிலிருந்து ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். உடம்பில் குத்தாதா, துவைத்தால் சுருங்காதா என்று ஆயிரம் சந்தேகம். வருஷம் பூராவும் வெள்ளைக்காரர் குளிருக்குத் துணி தைக்கிறவர்கள்தான். குளிர் என்றால் என்ன என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எல்லோரும் அதை ஈரத் துண்டு மாதிரி தூக்கிப் பிடித்தார்கள். அயர்ன் டேபிளில் வேலை பார்த்த பீகார்க்காரர் ராம்விலாஸ் மட்டும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டுவிட்டு, ஒரு முனையை இந்தத் தோளில் வைத்து மறு முனையை அந்தத் தோளுக்கு வீசினார். அப்போதுதான் அது சால்வை மாதிரி இருந்தது. ஆவி பறக்கும் அயர்ன் பெட்டிகளுக்கு நடுவே வேர்த்து வழிய நின்றுகொண்டு சிரித்தார்.

“எங்க ஊர்க் குளிர்ல இது இருந்தா டீ வேண்டாம் சார்.”

சிவப்பு மையில் எழுதினேன்

பூவுக்கு அடுத்தது நிறம். நூலை அதே மெரூனில் சாயம் போட வேண்டும். அதற்குச் சாயப்பட்டறை லேபில் சால்வையைப் பார்த்து, முதலில் கொஞ்சம் நூலில் நிறம் ஏற்றிக் காட்டுவார்கள். இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாம்பிள் என்று எது வந்தாலும் அதன் மூலையில் ஒரு சதுரம் வெட்டி, அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, கீழே நிறத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். அந்த அட்டையை வைத்துத்தான் மற்ற வேலையெல்லாம். சாம்பிளைப் பார்த்ததும் கை தானாகக் கத்திரியைத் தேடும். எனக்கும் தேடும். அது தெரிந்துதான் சால்வையைக் கனமான கவரில் போட்டு, கவரின் இரண்டு பக்கமும் வெட்டக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். போனிலும் சொன்னேன். போனை எடுத்தது லேப்காரர் இல்லை, வேறொருவர்.

மறுநாள் போனபோது கவர் கொஞ்சமும் கசங்காமல் ஆணியில் தொங்கியது. அவ்வளவு பக்குவமாகப் பிரித்து மாட்டியிருந்தார்கள். மேஜையில் அட்டை. அட்டையில், மெரூனும் மஞ்சளும் பச்சையும் மூன்று நிறமும் ஒருசேர அமைந்த ஒரு முழுப் பூ, சதுரமாக, நாலு மூலையிலும் ஸ்டேப்ளர் முள்ளோடு. லேப் மாஸ்டர் தங்கவேலு நல்ல மனிதர். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப் போனார். கவரைப் பிரித்தவர் ஒருவர், வெட்டியவர் இவர், எழுத்து இவர் கண்ணில் படவே இல்லை. என்ன தப்பு நடந்தது என்று புரியாமலே என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார்.

“ஜிக்ஜாக் கத்திரியிலதானுங்க வெட்டுனனுங்க. பிசிறே வராதுங்க.”

முதலாளி தீர்ப்பு

முதலாளி சால்வையை மேஜையில் விரித்து, ஓட்டை வழியாக மேஜையைப் பார்த்தார். கொங்குக்காரர் கோபம் குரலில் வராது, மரியாதையில் வரும். அன்றைக்கு எனக்கு இரண்டு தடவை டீ சொன்னார். பிறகு, கொரியரிலேயே கிழிந்து வந்தது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். ஓட்டையின் விளிம்பைக் காட்டினேன். நாலு பக்கமும் பல் பல்லாக, ஒரே சீராக இருந்தது. எந்த ஊர்க் கொரியரும் இவ்வளவு நறுவிசாகக் கிழிக்காது என்று அவருக்கே தெரிந்தது.

கடைசியில் இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, அந்தம்மா வருவதற்குள் சால்வையைச் சரி பண்ண வேண்டும், இல்லையென்றால் அதே மாதிரி இன்னொன்று பிடிக்க வேண்டும். இரண்டு, அவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நான். ஆர்டர் போனால் ஒரு லைன் போகும், லைன் போனால் அதற்கென்று ஒரு மெர்ச்சண்டைசர் எதற்கு என்று கணக்கு என் மனசுக்குள் ஓடியது. அதை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று, என் வேலை இருக்கிறதா இல்லையா என்று நேராகக் கேட்டேன்.

“உங்கள நான் போகச் சொல்லுவனுங்களா, முருகேசன்? அந்தம்மா ஆர்டரில்லீன்னு போயிட்டா, அப்பறம் நாம என்னங்க பண்றது?”

வீட்டில்

சால்வையைக் கம்பெனியில் விட்டு வர மனசில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். லைன் வீடு, ஒற்றை அறை. ஊரில் இருந்த மனைவியையும் மகளையும் அந்த வருஷம்தான் கூட்டி வந்திருந்தேன். மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்து, யூனிபாரம் தைக்கக் கொடுத்தாயிற்று. வேலை போனால் மூன்று பேரும் மறுபடி பஸ் ஏற வேண்டும். அதைச் சொல்லாமல், கதையை மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் சால்வையை விரித்து, ஓட்டைக்குள் வெட்டிய பூவை வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தி உட்கார்ந்தது. மகள் அதைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள், விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு.

“பூவு எங்கயும் போவலைலா, இந்தா இருக்கு. நாலு தையல் போட்டா முடிஞ்சது, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கிய?”

ஒரே ஒரு ஓகே

நாலு தையல் போட எங்களிடம் ஆள் இல்லையா என்ன, ஒரு கம்பெனியே இருந்தது. பவர் டேபிள் மெஷினில் தைக்கும் டெய்லர் பார்த்துவிட்டு, இந்தக் கம்பளியில் மெஷின் ஊசி இறங்கினால் சுற்றிலும் சுருக்கம் விழும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கையால் தைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. என் மனைவி உட்பட. அம்மா இல்லாத பெண்ணின் அம்மா சால்வை என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், அதுவே வினையாகிவிட்டது.

சிவகுமார் ஒரு யோசனை சொன்னார். அதே பாலாடை நிறத் துணியில் தன்னுடைய கம்ப்யூட்டர் பூவை அடித்துக் கொடுத்தார், ஓட்டையின் மேல் ஒட்டுப் போடலாம் என்று. குண்டூசி குத்தி மேஜையில் விரித்துத் தள்ளி நின்று பார்த்தோம். அத்தனை பூவுக்கும் நடுவே அது ஒன்று மட்டும், கல்யாண வீட்டில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் மேரி வந்தார். கையில் ஸ்டிக்கர் ரோல். ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, ஒட்டுப் பூவில் நின்றார். முகம் மலர்ந்தது.

“இந்தா, இந்த ஒரு பூவு மட்டும் ஓகே சார்.”

ஊட்டிக் கடைக்காரர்

சரி, அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடுவது என்று ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். சீசன் நேரம். கம்பளி விற்கும் கடைகளில் நிஜமான காஷ்மீர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். பல வருஷமாக அங்கே கடை வைத்திருக்கிறாராம். தமிழ் நன்றாகப் பேசினார். சால்வையைக் காட்டியதும் டீ வரவழைத்தார். யாராவது எனக்கு டீ வரவழைத்தாலே அந்த நாட்களில் பயமாக இருக்கும். இதை முறையாக நெய்து சரி பண்ணும் ஆட்கள் ஸ்ரீநகரில் இருக்கிறார்கள், அனுப்பினால் குளிர்காலத்துக்குள் வந்துவிடும் என்றார். எனக்கு அடுத்த வாரத்துக்குள் வேண்டும்.

அவர் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தார். கவுண்டர் நிறைந்தது. எல்லாம் அழகு. எல்லாவற்றிலும் பூ. ஒன்றுகூட அந்தப் பூ இல்லை. இதே டிசைனில் கொஞ்சம் தேடிப் பாருங்கள், ஸ்டாக் ரூமில் இருக்கும், இன்னொரு கலர் செட்டில் இருக்கும் என்று நான் திருப்பூர்ப் பாஷையில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். முதலாளி வெறுங்கையோடு வராதீர்கள் என்று சொல்லியிருந்ததால், கடைசியில் வேறொரு நல்ல சால்வையாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன். அதை மடித்துக் கொடுத்தபடியே கடைக்காரர் சொன்னார்.

“ஒரே மாதிரி ரெண்டு வேணும்னா அது உங்க ஊர்லதான் சார் கிடைக்கும்.”

ஹெல்கா வந்தார்

ஜூனில் ஹெல்கா வந்தார். நெட்டையான, அறுபதை நெருங்கும் பெண்மணி. வெயிலில் முகம் மெரூன் நிறத்தில் இருந்தது. முதலாளி தன் திட்டத்தை என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: எடுத்தவுடன் கௌரவம் பண்ணிவிட்டால் ஆள் கோபப்பட முடியாது. வாசலிலேயே சந்தன மாலை போட்டு, ஊட்டிச் சால்வையைப் பொன்னாடையாகப் போர்த்திவிட்டார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நம் ஊரில் பொன்னாடை போர்த்தினால் மறு நிமிடமே எடுத்து மடித்துப் பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரியாது. மரியாதைக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டே கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பார்க்கவே வேர்த்தது.

ஆபீஸில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, என் அம்மாவின் சால்வை எங்கே என்பதுதான். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் முழுக்க மறந்துபோனது. சால்வையை மேஜையில் விரித்து, லேப் அட்டையைப் பக்கத்தில் வைத்து, நிறம் பார்க்க வெட்டிவிட்டார்கள், எங்கள் தப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையைக் கையில் எடுத்தார். ஸ்டேப்ளர் முள்ளை ஒவ்வொன்றாக நகத்தால் நிமிர்த்தி, பூவை விடுவித்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது, ஐந்து நிமிடம் யாரும் பேசாதீர்கள் என்றார்.

அப்புறம் அவர் ஓட்டையை விட்டுவிட்டு, சால்வையின் மறு முனையை எடுத்தார். மேரி இரண்டு அம்பு ஒட்டிய அதே மூலை. அதைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். பூவைச் சுற்றி ஒரு சதுரம், பொடிப் பொடியாகக் கைத்தையல். ஓடிய நூல்கூடக் கம்பளி நூல் இல்லை. அவருடைய அம்மாவும் ஒரு துணிக்கடைக்குச் சரக்கு வாங்கும் வேலையில் இருந்தவராம். இந்தியாவிலிருந்து இதைக் கொண்டுபோன வாரமே, நிறத்துக்காக ஒரு சதுரம் வெட்டி மில்லுக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பிய பிறகு மனசு கேட்காமல், அதைத் திருப்பி வாங்கித் தானே உட்கார்ந்து தைத்திருக்கிறார். தையல் வேலை தெரியாதவர், அதனால்தான் அந்த முரடு. சால்வையிலேயே தனக்குப் பிடித்த இடம் அந்த மூலைதான் என்றார் ஹெல்கா. பிறகு வெட்டிய பூவைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி மெதுவாக, ஸ்ரீநகருக்கு அனுப்பிச் சரி பண்ணித் தருகிறோம் என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் இங்கிலீஷில் சொன்ன பதிலை நம் பாஷையில் அப்படியே தருகிறேன்.

“வேண்டாம். அந்த மூலை அம்மா தைத்தது, இந்த மூலையை நான் தைத்துக்கொள்கிறேன்.”

செக்கிங்கில் புதுச் சட்டம்

ஆர்டர் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சராசரிப் பூ வேண்டாம். சால்வையில் எத்தனை விதமாக இருக்கிறதோ அத்தனை விதமாகவும் பஞ்சிங் செய்ய வேண்டும், ஒரு பனியனில் பக்கத்துப் பக்கத்துப் பூக்கள் இரண்டும் ஒன்று போல இருக்கக் கூடாது. சிவகுமார் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. பிறகு வந்து, கோணல் இதழையும் ஏறிய தண்டையும் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து கொடுத்தார். ஒரு லைன் மெஷின்களின் மேலிருந்த துணியை எடுத்தோம். என் மகள் யூனிபாரம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். முதலாளி எனக்கு டீ சொல்வதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்கு முழுசாக மூச்சு வந்தது.

கஷ்டப்பட்டது மேரிதான். இத்தனை வருஷமாக இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். இப்போது ஒன்று போல இருந்தால் அம்பு ஒட்ட வேண்டும். முதல் நாள் முழுக்க அவர் டேபிளில் வேலையே ஓடவில்லை. மதியம் ஒரு பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் மெஷின்காரர் கவனிக்காமல் இரண்டு பூவை ஒரே மாதிரி, அச்சில் வார்த்தது போலப் போட்டிருந்தார். இது ரிஜெக்ட் என்றேன். மேரி அதை வெளிச்சத்தில் காட்டி, திருப்பிப் பார்த்து, விரலால் தடவினார். ஸ்டிக்கரை உரித்தார், ஆனால் ஒட்டவில்லை.

“நீங்க சொல்லுதிய, ஒட்டிருதேன் சார். ஆனா நல்லா இருக்கறத ரிஜெக்ட் பண்ண இந்தக் கைக்கு வர மாட்டேங்கு.”

இப்போது நான் அந்தத் தொழிலில் இல்லை, ஆனாலும் யாராவது எனக்குச் சால்வை போர்த்தினால் கை முதலில் அதன் மூலைகளைத்தான் தடவிப் பார்க்கிறது, யாராவது நிறம் பார்த்திருக்கிறார்களா என்று.